கோதண்டராமனின் ஐந்து நாள் கப்பல்

கோதண்டராமன் அண்ணாச்சி பதினெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. இதை மேடையில் சொன்னால் எங்கள் கம்பெனியில் எல்லோரும் கைதட்டுவார்கள். நான் தட்டமாட்டேன். அவர் வீட்டு மாடியில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். அந்தக் கைதட்டலுக்காக வீட்டில் யார் யார் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் பெருமாள்சாமி. கோவில்பட்டிப் பக்கம். மனைவி மாடத்தியும் மகனும் ஊரில் இருக்கிறார்கள். நான் ஒரகடத்தில் பிரேக் குழாய் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, வடக்குப்பட்டில் அவர் வீட்டு மாடியறையில் கிடக்கிறேன். அவரும் நானும் ஒரே லைன். என்னைவிடப் பதினாலு வயது மூத்தவர், அதனால் அவர் எனக்கு அண்ணாச்சி, அவர் மனைவி செங்கமலம் எனக்கு மதினி. நான் மதினி என்று கூப்பிட்ட முதல் நாள் அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். “இன்னா தம்பி, புதுசா கீது” என்றார். பிறகு பழகிவிட்டது.

மதினிக்கு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யும் கம்பெனியில் ஹவுஸ் கீப்பிங் வேலை. பதினைந்து வருடமாக ஏ ஷிப்ட். விடியுமுன் நாலே முக்காலுக்கு பஸ் ஏறினால் மதியம் மூன்று மணிக்கு வருவார். அண்ணாச்சி அதற்கு நேர் எதிர். குடும்பஸ்தர்கள் எல்லோரும் தலைதெறிக்க ஓடும் ராத்திரி சி ஷிப்ட்டை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டவர். அதற்கு மேல் காலையில் நாலு மணி நேரம் ஓ.டி.யும் பார்த்துவிட்டு, பதினோரு மணிக்கு வந்து படுத்தால் மாலை ஏழுக்குத்தான் எழுவார். எட்டரைக்கு மதினி படுத்தாக வேண்டும். நடுவில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் இவர் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பஸ்ஸுக்கு ஓட வேண்டும். மிச்சமிருந்தால்தான் பேச்சு. மிச்சம் இருக்காது.

பகல் முழுக்க அந்த வீட்டில் சத்தம் கூடாது. மிக்ஸி ஓடாது, டிவிக்கு வாயே கிடையாது. குக்கர் விசிலுக்கு அவர் விழித்துக்கொள்கிறார் என்று மதினி குக்கரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து என் அடுப்பில் வைப்பார். மூன்று விசில் வரும்வரை படியில் உட்கார்ந்திருந்துவிட்டு இறக்கிக்கொண்டு போவார். ஒன்பது வருடமாக அந்த வீட்டுச் சோறு என் அறையில்தான் வெந்தது. அவர்களுடைய ஒரே மகள் ரஞ்சனி சின்ன வயதில் கீழே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டால்கூட தெருவுக்கு ஓடிப்போய்த்தான் அழுவாளாம். இதை அவள் இன்றைக்கும் வேடிக்கையாகத்தான் சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அவரைப் பொல்லாதவர் என்று நினைத்துவிடக்கூடாது. குடி இல்லை, கைநீட்டும் பழக்கம் இல்லை. பயம், அவ்வளவுதான். அவர்கள் குடும்பத்துக்கு இருந்த மூன்று ஏக்கர் நஞ்சை தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. அதே வருடம் இவர் கம்பெனிக்குள் நுழைந்தார். “நெலம் எங்க கைய வுட்டுப் பூட்ச்சி பெருமாளு. இதுவும் பூட்ச்சின்னா நான் எங்க போவேன்?” என்பார். நாம் ஒரு நாள் வரவில்லை என்றால், நாம் இல்லாமலும் லைன் ஓடும் என்பது கம்பெனிக்குத் தெரிந்துவிடுமாம். அவர் கணக்கு அது.

அப்படியானால் கல்யாணம், கருமாதிக்கு என்ன செய்வார் என்று கேட்கலாம். எங்கள் லைனில் ‘மாத்திக்கிறது’ என்று ஒரு பழக்கம் உண்டு. என் ஷிப்ட்டை இன்றைக்கு நீ பார், உன்னுடையதை இன்னொரு நாள் நான் சேர்த்துப் பார்க்கிறேன். இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பதினாறு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், ஆனால் லீவு என்று பதிவாகாது. மாமியார் செத்தபோது அப்படித்தான் சமாளித்தார். மதினிக்கு இரண்டாவது கர்ப்பம் கலைந்த அன்று மாத்திக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. மாலை ஏழு மணிவரை ஆஸ்பத்திரியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவர், எட்டு மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நான் வருவதற்கு முன்பு நடந்தது. ஒரு நாள் குக்கர் விசிலுக்காகக் காத்திருந்தபோது மதினி சொன்னார். சொல்லிவிட்டு, “ரெண்டா மூணா தம்பி?” என்று விசிலைக் கேட்டார்.

இந்த வருடம் மே மாதம் ரஞ்சனி தண்டலம் கல்லூரியில் படிப்பை முடித்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாக வேலை கிடைத்தது, ஆகஸ்டில் சேர வேண்டும். அந்த வாரம் மதினி குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்.

“தம்பி, ரஞ்சனியோட நானும் ஓசூரு பூடலாம்னு கீறேன்.”

“எத்தன நாளைக்கு மதினி?”

“நாளு இன்னா நாளு. பூட வேண்டிதான்.”

“எதும் சண்டையா?” என்று கேட்டேன்.

“சண்ட போடறதுக்கு எதிர்ல ஆளு முழிச்சிகினு இருக்கணுமே” என்று சிரித்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, ஆறும் என்று விட்டிருப்பேன். இந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பயந்தேன்.

அண்ணாச்சியிடமும் அன்று மாலையே சொல்லிவிட்டிருக்கிறார். அவர் தலை வாரிக்கொண்டே, “ஷிப்ட்டு முட்ச்சினு வந்து பேசிக்கலாம்” என்றிருக்கிறார். மறுநாள் வந்தார், படுத்தார். ஆனால் அந்த ஷிப்ட்டில் அவர் கையிலிருந்து பதினோரு குழாய்கள் தப்பான கிளாம்ப் மாட்டிப் போயிருந்தன. பதினெட்டு வருடத்தில் நடக்காத காரியம். சூப்பர்வைசர் சுபாஷ் வந்து நின்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திட்டாமலே போய்விட்டான்.

அடுத்த மாதம்தான் கம்பெனி ஆண்டுவிழா. வழக்கமாகச் சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள், மிஞ்சிப்போனால் ஹாட்பாக்ஸ். இந்த முறை வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி அண்ணாச்சியின் வருகைப்பதிவைப் பார்த்து மிரண்டுபோய்விட்டாராம். சென்னைத் துறைமுகத்திலிருந்து குடும்பத்தோடு கப்பல் பயணம் என்று அறிவித்துவிட்டார். மறுநாள் எச்.ஆர். பெண் கவிப்பிரியா ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் இரண்டு கட்டங்கள், ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். முதல் கட்டம், ஐந்து இரவு, இலங்கை வரை போய்த் திரும்புவது, ஜன்னல் இல்லாத உள்ளறை. இரண்டாவது, இரண்டு இரவு, நடுக்கடல் வரைக்கும் போய்த் திரும்புவது, குடும்பங்களுக்கான சொகுசு அறை. பால்கனி, சோபா, கூப்பிட்டால் வர ஓர் ஆள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தாள் நடுவில் கிடந்தது.

“உனக்கு எது வோணும், சொல்லு” என்றார் அண்ணாச்சி.

மதினி யோசிக்கவே இல்லை. “ரெண்டு நாளே போதும். பால்கனி கீதாமே, காத்தாட குந்திகினு டீ குடிக்கலாம். அப்பறம் ரூமுக்குன்னு ஒரு ஆளு வருவாராம் இல்ல? நான் படுத்து எழுந்த படுக்கய வேற ஒருத்தரு வந்து மடிக்கணும். அத நான் ஓரமா நின்னு பாக்கணும். அவ்ளோதான்.”

“அம்மாவுக்கு ஆசையைப் பாரேன்!” என்றாள் ரஞ்சனி.

“பதினஞ்சு வருஷமா ஊரு கக்கூச கழுவறேன்டி. ஒருநா எனக்கு ஒருத்தர் செய்யட்டுமே.”

இதற்குமேல் ஒரு மனுஷி எப்படித் தெளிவாகக் கேட்பார்? மூன்று பேரும் கேட்டோம். நானும் கேட்டேன்.

நாலு மணிக்கு அண்ணாச்சி மாடிக்கு வந்தார். தூங்கவில்லை. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை நான் விழித்துப் பார்த்ததே கிடையாது. தாளைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

“பெருமாளு, ரெண்டு நாள்ல நான் இன்னாத்த பேசுவேன்? ஏறி எறங்கறதுலயே ஒரு நாளு பூடும். அஞ்சு நாளுன்னா ஒரே ரூம்பு. அவளும் எங்கயும் போவ முடியாது, நானும் போவ முடியாது. பேசித்தான ஆவணும்?”

“பேசணும்னா இங்கனயே பேசலாமே அண்ணாச்சி.”

“இங்க எப்படிடா வரும்? பஸ்ஸு வந்துரும்.” சுருட்டிய தாளை முழங்காலில் தட்டினார். “அவ பூடுவாடா. நெசமாவே பூடுவா. எனக்குத் தெரியிது, இன்னா பண்றதுன்னுதான் தெரியல.”

அந்த மனிதர் கண்கலங்கி நான் பார்த்ததில்லை. நான் மாடத்தியைப் பார்ப்பது பொங்கலுக்கு நாலு நாள், கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாலு நாள். கிளம்பும்போதெல்லாம் இன்னும் ஒரே ஒரு நாள் கிடைக்காதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். என்னைப் போன்றவனிடம் கேட்டால் நாள் அதிகம் இருப்பதைத்தானே சொல்வேன்?

“அஞ்சு நாளே போடுங்க அண்ணாச்சி. பால்கனி என்ன பால்கனி, நாள்தான் முக்கியம்” என்றேன். என் பேனாவையே வாங்கி டிக் போட்டார். மதினி கேட்டது எனக்கு நினைவிருந்தது. அது ஒரு சின்ன ஆசை, இவருடையது பெரிய காரியம் என்று தோன்றிவிட்டது. அந்த முட்டாள்தனத்துக்கு இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எங்கள் லைன்காரன் தவிர வேறு எவனும் செய்யாத காரியம். பயணம் திங்கள் தொடங்கி சனி வரை, ஆறு ஷிப்ட். “லீவு போட்டுக்கங்க சார், உங்க கணக்குல லீவு மலை மாதிரி கிடக்குது” என்றாள் கவிப்பிரியா.

“போட்டா ரெக்கார்டுல காட்டுமாம்மா?”

“லீவுன்னா காட்டத்தானே சார் செய்யும்.”

அவ்வளவுதான், மனுஷர் பின்வாங்கிவிட்டார். லீவே போடாததற்காகக் கொடுத்த பரிசுக்குப் போக லீவு போடமாட்டாராம். ஆறு ஷிப்ட்டையும் மாத்திக்கொண்டார். இரண்டை நான் எடுத்தேன், மிச்சத்தை மற்றவர்கள். பதிலுக்கு மூன்று வாரத்துக்குள் ஆறு முறை பதினாறு மணி நேரம் நின்றார்.

மதினி ஒருமுறைதான் கேட்டார். “பரிசையே குடுத்துட்டாங்களேயா. இன்னும் யாருக்குக் காட்டப்போற?”

“பதினெட்டு வருஷம்மே. ஒரு கோடு வுழுல அதுல.”

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணாச்சி கடைசி ஷிப்ட்டை முடித்து வந்தார், கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக. குளித்துவிட்டுப் புதுச்சட்டை போட்டுக்கொண்டார். வாடகை காரில் ஏறும்போது என் காதில், “எல்லாத்தியும் மனசுல பாடம் பண்ணி வெச்சிகினேன்” என்றார். லைனில் நிற்கும்போது உதடு அசைந்துகொண்டே இருந்தது அதுதான் போலிருக்கிறது.

கப்பலில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பாதியை ரஞ்சனி சொன்னாள், பாதியை அவரே சொன்னார்.

அறை நாலாவது அடுக்கில், உள்பக்கம். மூன்று படுக்கை போட்டது போக நிற்க இடமில்லை. சுவரில் ஒரு திரை தொங்கியது. ரஞ்சனி ஆசையாக அதை விலக்கினாள், பின்னாலும் சுவர்தான் இருந்தது. “போட்டோவுக்காவது ஒரு கடல் வரைஞ்சு வெச்சிருக்கலாம்” என்றிருக்கிறாள். அண்ணாச்சி ஷூவைக் கழற்றப் படுக்கையில் உட்கார்ந்தார். ஒரு ஷூவைக் கழற்றினார். இன்னொன்று காலில் இருக்கும்போதே சாய்ந்துவிட்டார்.

கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்தபோது மேலே பாட்டும் ஆட்டமுமாக இருந்ததாம். ரஞ்சனி ஓடிவந்து உலுக்கியிருக்கிறாள். “பஸ்ஸு வந்தா எழுப்பும்மா” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எழுந்தது மறுநாள் பதினோரு மணிக்கு. அதுவும் தாகத்தால். ஜன்னல் என்று ஒன்று இருந்திருந்தால் வெயிலாவது உள்ளே வந்து கன்னத்தில் அறைந்திருக்கும். அந்த அறையில் விளக்கை அணைத்தால் எந்த நேரமும் ஒரே நேரம்தான். அரக்கப்பரக்க மேலே ஓடி மனைவியையும் மகளையும் தேடிக் கண்டுபிடித்து, சாப்பிட உட்கார்ந்தார். தட்டு நிறைய எடுத்துவந்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தலை தொங்கிவிட்டது. பக்கத்து மேசைக் குழந்தைகள் பார்த்துச் சிரித்தன. மதினிதான் கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிவந்து படுக்கவைத்தார்.

பிறகு உடம்பு அதன் வழிக்கே வந்துவிட்டது. எல்லோரும் தூங்கும் நேரத்தில் கண் பளிச்சென்று விழிக்கும். தனியாகப் போய் மேலே உலாத்துவார். விடியப்போகும்போது தூக்கம் கண்ணை இழுக்கும், கீழே வருவார். அந்த நேரத்துக்கு மதினிக்கு விழிப்பு வந்துவிடும், பதினைந்து வருடப் பஸ் பழக்கம். ஒருவர் உள்ளே வர, ஒருவர் வெளியே போக. வடக்குப்பட்டு வீட்டு வாசலில் நடந்த அதே காரியம், கப்பலில். அதற்காக இவ்வளவு தூரம் கடலைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

அவர் பகலெல்லாம் படுத்திருந்ததால் கதவில் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ அட்டை தொங்கியது. அறையைச் சுத்தம் செய்கிறவர் ஒடிசாக்காரர், நாற்பது வயதிருக்கும். தினமும் வருவார், அட்டையைப் பார்ப்பார், புதுத் துண்டுகளை மதினி கையில் கொடுத்துவிட்டுப் போவார். மதினிக்குக் கம்பெனியில் பழகிய இந்தி கொஞ்சம் வரும். “உள்ளே வந்து பண்ணிட்டுப் போறேன் அக்கா, அஞ்சு நிமிஷம்தான்” என்றாராம் அவர். “வேணாம், தூங்கறாரு” என்று மதினி அனுப்பிவிட்டார். பிறகு உள்ளே போய், அவர் விழித்துவிடாதபடி தன் போர்வையைத் தானே மடித்தார். இதைச் சொல்லும்போது ரஞ்சனி அழுதுவிட்டாள்.

மூன்றாம் நாள் இலங்கையில் ஒரு துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். “ப்பா, கேட்டை மூடிடுவாங்கப்பா” என்று ரஞ்சனி எழுப்பிப் பார்த்திருக்கிறாள். தாயும் மகளும் மட்டும் போய்வந்தார்கள். அண்ணாச்சி கண்விழித்தபோது கப்பல் திரும்பவும் ஓடிக்கொண்டிருந்தது. “எல்லாம் முடிஞ்சிருச்சா?” என்று கேட்டாராம். படுக்கையில் உட்கார்ந்து நெற்றியில் நெற்றியில் அடித்துக்கொண்டாராம். மதினி கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்.

நாலாம் நாள் ஒரு வெறியோடு எழுந்தார். காலையிலிருந்து ஐந்து காபி. ஐஸ் தண்ணீரை வாங்கி முகத்தில் ஊற்றிக்கொண்டார். பிற்பகலில் மதினியை மேல்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கம்பி ஓரமாக இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். ரஞ்சனி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

“செங்கமலம்” என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருடமோ. “நீ ஓசூரு போவாத.”

மதினி அவரைத் திரும்பிப் பார்த்தார். “நான் போனா உனக்கு இன்னா கொறயும்? சொல்லு. சோறு கேன்டீன்ல துன்ற. துணிக்கு மிஷினு கீது. நான் வூட்ல கீறனா இல்லயான்னு உனக்கு எப்பிடித் தெரியும்? நெசமாவே கேக்கறேன்.”

நிஜமாகவே கேட்டார் என்று ரஞ்சனி சத்தியம் பண்ணிச் சொன்னாள். குத்திக்காட்டவில்லை. ஒரு பதில் சொல்லிவிட மாட்டாரா என்ற ஏக்கம் அம்மா முகத்தில் இருந்தது என்றாள். அண்ணாச்சி வாயைத் திறந்தார். மூன்று வாரம் பாடம் பண்ணியதில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. யோசித்தார். கடலைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். நல்ல காற்று. யோசித்துக்கொண்டிருக்கும்போதே கண் மூடிவிட்டது.

ரஞ்சனி எழுப்பப் போனாள். மதினி வேண்டாம் என்று கையைக் காட்டினார். முகத்தில் வெயில் படாமல் துண்டை விரித்துப் போட்டார். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆடியவர்கள் ஓய்ந்துபோய்ப் பலகாரம் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அண்ணாச்சி திடுக்கிட்டு விழித்தார். “இன்னா கேட்ட நீ?”

“ஒண்ணியும் கேக்கல.”

“இல்லமே, கேட்ட. நான் சொல்றதுக்குள்ள…”

“பரவால்லயா” என்றார் மதினி. அவர் தலையைத் தடவிக்கொடுத்தாராம். “முழிச்சிகினு கீற ஆள கம்பெனிக்குக் குடுத்துட்ட. தூங்கற ஆளத்தான் எனக்குக் குடுத்த. நானும் பதினெட்டு வருஷம் சத்தம் போடாம காவல் காத்துட்டேன். போதும்யா.”

அந்த இடத்திலேயே அண்ணாச்சி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறார். கப்பல் ஊழியர் ஒருவர் ஓடிவந்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தாராம். “ஒண்ணும் இல்லீங்க, தூக்கம் பத்தல” என்று மதினி பதில் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை திரும்பி வந்தார்கள். நான் கேட்கவில்லை, அவர்கள் முகமே சொல்லிவிட்டது. அண்ணாச்சி திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். அடுத்த மூன்று வாரமும் ஏதோ கெடு வைத்த மாதிரி அலைந்தார். ஓ.டி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கே வீட்டுக்கு ஓடுவார். வீட்டில் ஆள் இருக்காது. மதினி விடியுமுன்னே போயிருப்பார். மூன்று மணிவரை விழித்திருக்கப் பார்ப்பார், முடியாது. சேரப்பணஞ்சேரிக் கோயிலுக்குக்கூட ஒருநாள் தனியாகப் போய்வந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் மதினியும் ரஞ்சனியும் கிளம்பும் நாள் வந்தது. அதற்கு முந்தின நாள் சுபாஷ் ஓடிவந்து என்னிடம், “இன்னாண்ணா நடக்குது? கோதண்டராமன் அண்ணன் லீவு எழுதிக் குடுத்துக்கீறாரு. மூணு நாளு!” என்றான். கம்பெனியே அதைப் பேசியது. கவிப்பிரியா இரண்டு முறை போன் போட்டு, நிஜம்தானா சார் என்று கேட்டாளாம். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். மனுஷர் கடைசி நேரத்தில் விழித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

தண்டலத்தில் நின்று மூவரும் ஓசூர் பஸ் ஏறினார்கள். ஐந்து மணி நேரம் அவர் ஒரு கண்ணும் மூடவில்லையாம். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தே போயிருக்கிறார். ஓசூரில் ரஞ்சனி பார்த்து வைத்திருந்த வீட்டுக்குப் பெட்டிகளைச் சுமந்து ஏற்றினார். பல்பு மாட்டினார், கேஸ் அடுப்பை இணைத்துக் கொடுத்தார். மதியம் இரண்டு மணி ஆனது. மதினி செல்போனில் மணியைப் பார்த்துவிட்டு, “சரி, நீ கெளம்பு. இப்ப வுட்டாதான் ஷிப்ட்டுக்குப் போய் சேருவ” என்றார்.

“நான் லீவு போட்டுக்கீறேன்” என்றார் அண்ணாச்சி. “மூணு நாளு.”

மதினி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ரஞ்சனிக்கு அம்மா சிரிக்கப்போகிறாரா அழப்போகிறாரா என்று தெரியவில்லையாம்.

“இன்னிக்கா?” என்றார் மதினி. “இன்னிக்காயா போட்ட?”

அண்ணாச்சி குனிந்து அடுத்த பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் ஏ ஷிப்ட்டில் நின்றுகொண்டிருந்தபோது, சீருடையோடு அவர் உள்ளே வந்தார். நேராக சுபாஷிடம் போனார். “ரெண்டு நாளு லீவ கேன்சல் பண்ணிக்கிறியா சார்?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. “அட, நில்லுங்கண்ணா, ஆளு கம்மியாதான் கீது” என்றான் சுபாஷ். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. டீ நேரம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் அவரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

“உங்களுக்குக் கிறுக்கா அண்ணாச்சி? மதினி உங்கள வெளியே போகவா சொன்னாவ?”

“இல்ல. போவ சொல்லல. காபி போட்டுக் குடுத்தா. எதுருல வந்து குந்திகினா.”

“பொறவு என்னத்துக்கு வந்தீய? இன்னும் ரெண்டு நாள் கையில இருக்கு. அங்கன இருந்து நாலு வார்த்தை பேசித் தொலைச்சிருக்கலாம்லா?”

டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்ணில் தூக்கம் கொஞ்சமும் இல்லை.

“முழிச்சிகினு அவ எதுருல குந்தி இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியலடா பெருமாளு” என்றார்.